13 சென்டிமீட்டர்

அம்மா உடன்குடியிலிருந்து லண்டன் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் காலை ஐந்தரைக்கு எழுந்து வாசல் தெளிக்கிற பழக்கம். இங்கே அது ராத்திரி ஒரு மணி. அந்த ஒரு மணிக்குத்தான் என் அறைக் கதவைத் தட்டினார்.

"ஏல, பின்னால யாரோ மூச்சு வாங்குறாவ. எந்திரிச்சு வந்து பாரு."

கிரீன்ஃபோர்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது சின்னப் புல்தரை, ஒரு ஆப்பிள் மரம், ஒரு மரக் கொட்டகை. சமையலறைக் கதவைத் திறந்ததும் எனக்கும் கேட்டது. சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் விட்டு விட்டு ஒரு சத்தம். டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தேன். புல்லின் நடுவில் ஒரு முள்ளெலி நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி இன்னொன்று, செக்குமாடுபோல, வட்டம் போட்டு நடந்துகொண்டிருந்தது. சத்தம் நடுவில் நின்றதுதான் போட்டது. ஒவ்வொரு தடவை மற்றது நெருங்கும்போதும் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு 'புஸ்' என்று சீறியது.

"இது முள்ளெலில்லா!" என்றார் அம்மா. "நம்ம தேரியில கெடக்குமே. இது எப்படில இந்தக் குளுருல கெடக்கு?"

நடந்தது இணைசேரல். மே, ஜூன் மாதங்களில் ஆண் முள்ளெலி பெண்ணை மணிக்கணக்கில் சுற்றிவரும். பெரும்பாலும் பெண் சம்மதிக்காமல் போய்விடும். அம்மாவும் நானும் நாற்பது நிமிடம் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தோம். மறுநாள் காலையில் புல்லில் அந்த வட்டம் அப்படியே படிந்திருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியில் இருப்பது வேறு இனம். தென்னிந்தியாவில் மட்டுமே வாழ்கிற, அளவில் சிறிய முள்ளெலி அது. அம்மாவின் சின்ன வயதில் அதன் முள்ளைச் சுட்டுப் பொடித்து, தேனில் குழைத்து, கக்குவான் இருமலுக்குக் கொடுப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்பம் நெறைய கெடந்துச்சு. இப்பம் யாரு பாக்கா?"

அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுதவைத்தது. இந்த நாட்டிலும் வயதானவர்கள் அதே வரியைத்தான் சொல்கிறார்கள்.

2020 ஜூலையில் பிரிட்டனின் பாலூட்டிகளுக்கான முதல் சிவப்புப் பட்டியல் வெளியானது. சசெக்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபியோனா மேத்யூஸ் தலைமையில் மேமல் சொசைட்டி என்ற அமைப்பு, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐயுசிஎன் வகுத்த உலகப் பொது அளவுகோலை வைத்துத் தயாரித்தது. இந்த மண்ணுக்குரிய 47 பாலூட்டி இனங்களில் 11 இனங்களுக்கு அழிவு அபாயம் என்றது பட்டியல். ஏறக்குறைய நான்கில் ஒன்று. அந்தப் பதினொன்றில் முள்ளெலியும் இருந்தது. 'அழிவாய்ப்பு இனம்' என்ற வகையில்.

எனக்கு அது முதலில் பிடிபடவில்லை. முள்ளெலி இந்த நாட்டில் வாழ்த்து அட்டையில் இருக்கும், பிள்ளைகளின் பைஜாமாவில் இருக்கும், உயிரோடும் லட்சக்கணக்கில் இருக்கிறது. பட்டியல் எத்தனை இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதையும் பார்க்கிறது. பத்தாண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இரண்டில் எது நீளமோ அதற்குள் 30 சதவீதம் குறைந்துவிட்டால் அது அழிவாய்ப்பு இனம். வங்கியில் பணம் இருக்கிறது என்று ஒருவன் நிம்மதியாக இருக்கலாம். மாதாமாதம் எவ்வளவு எடுக்கிறான் என்று பார்த்தால்தான் நிலைமை தெரியும். 2022-ல் வெளிவந்த இன்னொரு அறிக்கை, பிரிட்டனின் கிராமப்புறங்களில் 2000-க்குப் பிறகு முள்ளெலிகள் இடத்துக்கு இடம் 30 முதல் 75 சதவீதம் வரை குறைந்திருப்பதாகச் சொன்னது. நகரங்களில் சரிவு நின்று லேசாகத் தேறும் அறிகுறி தெரிகிறது. 2024 அக்டோபரில் ஐயுசிஎன் தன் உலகப் பட்டியலிலேயே மேற்கு ஐரோப்பிய முள்ளெலியைக் 'கவலை குறைந்த' இடத்திலிருந்து 'அச்சுறு நிலையை அண்மித்த' இடத்துக்கு மாற்றியது.

பட்டியலின் உச்சியில், 'மிக அருகிய' வகையில், இரண்டு பேர். ஒன்று ஸ்காட்லாந்தின் காட்டுப்பூனை. துப்பாக்கியும் காடழிப்பும் அதை வடக்கு மலைகளுக்குத் துரத்தின. மீதியை வீட்டுப்பூனை முடித்தது: துணை கிடைக்காத காட்டுப்பூனைகள் வீட்டுப்பூனைகளோடு சேர, கலப்பு ரத்தமே பெருகியது. 2019-ல் ஆய்வாளர்கள், காட்டில் மிஞ்சியிருக்கிற கூட்டம் தானாகப் பிழைக்காது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு உயிர்க்காட்சியகத்தில் வளர்த்த 19 பூனைகளை 2023-ல் கெய்ர்ன்கார்ம் மலைப்பகுதியில் விட்டார்கள். அடுத்த ஆண்டே காட்டில் குட்டிகள் பிறந்தன.

இன்னொன்று பெரிய எலிச்செவி வௌவால். இதன் கதை என்னை ரொம்ப நாள் விடவில்லை. தெற்கு இங்கிலாந்தில் இருந்த சின்னக் கூட்டம் குறைந்து குறைந்து, 1985-லிருந்து ஒரே ஒரு ஆண் மட்டும் குளிர்உறக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1990-க்குப் பிறகு அதுவும் வரவில்லை. இனம் இந்த நாட்டில் அற்றுப்போனது என்று எழுதிவிட்டார்கள். 2002-ல் மேற்கு சசெக்ஸில், கைவிடப்பட்ட ஒரு ரயில் சுரங்கத்துக்குள் இன்னொரு இளம் ஆண் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷமும் வந்தது, அதற்கடுத்த வருஷமும். ஆட்கள் குளிர்காலத்தில் உள்ளே போய், அது இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பினார்கள். பல வருஷங்களாக ஒரு நாட்டின் ஒரு இனம் என்பது அந்த ஒற்றை வௌவாலாகவே இருந்தது.

மற்றவை: அருகிய இனங்களாகச் சிவப்பு அணில், ஓடையில் அணைகட்டும் பீவர், வாட்டர் வோல் என்கிற ஓடைக்கரை எலி, சாம்பல் நீள்செவி வௌவால், அழிவாய்ப்பு இனங்களாக முள்ளெலியோடு ஹேசல் டார்மவுஸ் என்கிற மரமேறும் சின்ன எலி, ஓர்க்னி வோல், இன்னும் இரண்டு வகை வௌவால்கள்.

இதில் முள்ளெலிக்கு மட்டும் ஒரு வினோதமான நிலை. வௌவால் தங்கும் பொந்தை, அது அங்கே இல்லாத காலத்தில் சேதப்படுத்தினாலும் இங்கே குற்றம். ஒரு வீட்டுக் கூரையைப் பிரிக்கும் முன்பு வௌவால் இருக்கிறதா என்று நிபுணரை வைத்துப் பார்க்கவேண்டியிருக்கும். டார்மவுஸுக்கும் அதே அளவு காவல். முள்ளெலிக்கு 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் கொடுப்பது, குறிப்பிட்ட சில முறைகளில் அதைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது என்பதுதான். அதன் கூட்டுக்கும் போகிற வழிக்கும் ஒன்றும் இல்லை. சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்த ஆபத்து, யாரோ கண்ணி வைத்துப் பிடிப்பது. நடப்பதோ வேறு: யாரும் முள்ளெலியைத் தொடாமலேயே அது போய்க்கொண்டிருக்கிறது.

வயல் ஓரத்துப் புதர்வேலிதான் அதன் வீடு. ஹெட்ஜ்ஹாக் என்ற ஆங்கிலப் பெயரிலேயே 'ஹெட்ஜ்' என்று அந்த வேலி இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், டிராக்டர் திரும்ப வசதியாக வயல்களைச் சேர்த்தபோது, பாதியளவு புதர்வேலிகளைப் பிடுங்கிவிட்டார்கள். பூச்சிமருந்தில் வண்டும் புழுவும் குறைந்தன. சாலைகள் பெருகின; ஆபத்து வந்தால் சுருண்டுகொள்வது நரிக்கு முன்னால் உதவும், லாரிக்கு முன்னால் உதவாது. தேன்கரடி மாதிரி மண்ணைப் பறிக்கும் பேட்ஜர் முள்ளெலியைத் தின்னும், அதன் இரையிலும் பங்குக்கு வரும். பேட்ஜர்தான் காரணம் என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. இரண்டும் பல ஆயிரம் ஆண்டுகள் ஒரே காட்டில் வாழ்ந்தவைதானே. ஒளிய இடம் இருந்தவரை முள்ளெலி தப்பித்துக்கொண்டது. ஒளிய இடத்தை எடுத்தவர்கள் நாம்.

அப்புறம், நகரத்தில், என்னைப்போன்றவர்களின் வேலி.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு புயலில் எங்கள் பழைய மரவேலி சாய்ந்தது. புதிதாகப் போட்டோம். மரம் மண்ணில் உளுத்துப்போகாமல் இருக்க, அடியில் நீளநீளமாகக் கான்கிரீட் பலகை வைப்பார்கள். நன்றாக உழைக்கும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். அதில் ஒரு விரல் நுழையவும் இடமில்லை. ஒரு முள்ளெலி ஒரு ராத்திரியில் இரை தேடி ஒன்று, இரண்டு கிலோமீட்டர் நடக்கும். எங்கள் தோட்டம் மாதிரி பத்துப் பன்னிரண்டு தோட்டம் சேர்ந்தால்தான் அதற்கு ஒரு வயிறு நிறையும். நான் பணம் கொடுத்து அந்த வழியில் ஒரு சுவரை வைத்திருக்கிறேன். போட்ட அன்று அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

அம்மா பார்த்த அந்த இரண்டும் எந்த வழியாக வந்தன என்று கண்டுபிடிக்க மகள் ஆசைப்பட்டாள். பள்ளியில் தடச்சுரங்கம் பற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் அட்டையை முக்கோணமாக மடித்து ஒரு நீளக் கூண்டு. இரண்டு பக்க வாயிலும் வெள்ளைத்தாள். உள்ளே இரண்டு பட்டையாக மை, நடுவில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பூனைத் தீனி. மைக்குக் கரித்தூளும் சமையல் எண்ணெயும் கலக்கவேண்டும். அதை ஆச்சியும் பேத்தியும் சேர்ந்து குழைத்தார்கள். "கண்மை கூட்டுற பதத்துக்கு வரணும்" என்று அம்மா விரலில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தின்ன வரும் பிராணி மையில் மிதித்துத் தாளில் நடந்துவிட்டுப் போகும்.

வேலி ஓரத்தில் வைத்தோம். முதல் ராத்திரி பூனை. இரண்டாவது ராத்திரி ஒன்றுமில்லை. மூன்றாவது ராத்திரி எலி. மெல்லிய நான்கு விரல், நடுவில் வால் இழுபட்ட கோடு. நான்காவது ராத்திரி கூண்டைப் பக்கவாசல் கதவின் அருகே மாற்றினோம். காலையில் மகள் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். முன்னங்கால் தடம் அச்சு அசலாக ஒரு சிசுவின் உள்ளங்கை. ஐந்து விரலும் அகல விரிந்து, என் கட்டைவிரல் நுனி அளவுக்கு. பக்கத்தில் நீண்டு மெலிந்த பின்னங்கால். தாள் முழுக்க நடந்து, கிண்ணத்தைக் கவிழ்த்து, எண்ணெய் மையில் எங்கோ வயிற்றையும் தேய்த்துவிட்டுப் போயிருந்தது. அந்தத் தாள் இப்போதும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

ஆக, வழி அந்தப் பக்கவாசல் கதவின் அடியில் இருந்த இடைவெளி. தச்சர் அளவு தப்பாக எடுத்ததால் விழுந்த இடைவெளி. வந்த வழியாகவே அவை திரும்பவேண்டும். இடது பக்கத்து வீட்டுப் பாட்டியின் தோட்டத்துக்கும் அதற்கு அப்பால் இருக்கிற பத்துத் தோட்டங்களுக்கும் போக முடியாது.

பாட்டிக்கு 82 வயது. இதே தெருவில் பிறந்தவர். தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இன்னும் இருக்கிறதா?" என்றார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தினமும் வரும். அம்மா ரொட்டியைப் பாலில் ஊறவைத்து வெளியே வைப்பார். நான் தூங்காமல் ஜன்னலில் நிற்பேன்."

பால் அதற்கு ஆகாது, வயிற்றுப்போக்கில் செத்தேபோகும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். அவரிடம் அதை நான் சொல்லவில்லை. வேலியில் ஒரு ஓட்டை போடலாமா என்று மட்டும் கேட்டேன். "இதற்கெல்லாம் என்னிடம் கேட்க வேண்டுமா?" என்றவர், சாயங்காலம் நான் வேலை செய்யும்போது நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு தன் பக்கம் உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டைக்கு அளவு 13-க்கு 13 சென்டிமீட்டர். முள்ளெலி நுழையும், பெரும்பாலான நாய்கள் நுழையாது. ஹெட்ஜ்ஹாக் ஸ்ட்ரீட் என்று 2011-ல் இரண்டு தொண்டு அமைப்புகள் சேர்ந்து ஆரம்பித்த இயக்கம் நாடு முழுக்க இந்த அளவைப் பரப்பியிருக்கிறது. கான்கிரீட்டை வெட்டினால் விரிசல் விடும் என்று பயந்து, ஒரு பலகையை மொத்தமாகக் கழற்றிவிட்டு மரப்பலகையில் ஓட்டை அறுத்து மாட்டினேன். மகள் பள்ளி ஸ்கேலை வைத்து நாலு பக்கமும் அளந்து சரி என்றாள்.

வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பாரடைஸ் ஃபீல்ட்ஸ் என்ற பசுமைவெளி இருக்கிறது. 2023 அக்டோபரில் அங்கே ஒரு பீவர் குடும்பத்தைக் கொண்டுவந்து விட்டார்கள், மொத்தம் ஐந்து. தோலுக்காகவும் வால் அடியில் சுரக்கும் வாசனைப் பொருளுக்காகவும் பிரிட்டனில் 16-ஆம் நூற்றாண்டுக்குள் வேட்டையாடி ஒழித்த விலங்கு. லண்டன் மேயர் நேரில் வந்தார், கேமராக்கள் வந்தன. ஓடையை அவை அணைகட்டித் தேக்கினால், கனமழையில் கிரீன்ஃபோர்டு ரயில் நிலையப் பக்கம் வெள்ளம் வருவது குறையும் என்பது திட்டம்.

அம்மாவைக் கூட்டிப்போனேன். பகலில் பீவர் கண்ணில் படாது. ஆனால் பாதை ஓரத்தில் ஒரு வில்லோ மரம், தொடை உயரத்தில், நாலாபக்கமும் கூராகச் செதுக்கி விழுத்தாட்டப்பட்டுக் கிடந்தது. ஒவ்வொரு பல்லும் பட்ட பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. அடியில் புதுச் சீவல்கள் ஈரமாகக் குவிந்திருந்தன. அம்மா குனிந்து அந்தச் செதுக்கலைத் தடவினார். "பாளை சீவுன மாதிரில்லா இருக்கு. இது பல்லால செஞ்சதா?" அவர் அப்பா பனையேறி. பல்லில் இரும்புச் சத்து ஏறி அது ஆரஞ்சு நிறத்தில் உளிபோல இருக்கும் என்று சொன்னேன். நம்பினாரோ என்னவோ, ஒரு சீவலை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பீவருக்கு 2019-ல் ஸ்காட்லாந்திலும் 2022-ல் இங்கிலாந்திலும் சட்டக் காவல் வந்தது. 2025 மார்ச்சில் டார்செட்டின் பர்பெக் பகுதியில், இங்கிலாந்தில் முதல்முறையாக உரிமத்தோடு, வேலியில்லாத திறந்தவெளியில் விட்டார்கள். நீர்நாயும் அப்படித்தான் திரும்பியது. டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து ஆற்றில் கலந்து 1970-களில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நீர்நாய் இல்லாமல் போயிருந்தது. மருந்தைத் தடுத்தார்கள், 1978-ல் நீர்நாயைக் கொல்வதைத் தடுத்தார்கள், ஆறுகள் தெளிந்தன. 2011-ல் கடைசியாக கென்ட் மாவட்டத்திலும் தடம் தெரிந்தபோது இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அது வந்துவிட்டிருந்தது. ஒரு குறிப்பிட்ட விஷத்தை நிறுத்தினால் ஒரு விலங்கு திரும்புகிறது. முள்ளெலிக்கும் அப்படி ஒரே ஒரு எதிரி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பேன்.

பூங்காவில் அணில்களைப் பார்த்து அம்மா நின்றார். "முதுகுல கோடே இல்லையே" என்றார். ராமர் தடவாத அணில். சாம்பல் அணில் வட அமெரிக்காவிலிருந்து வந்தது. 1876-ல் செஷயரில் ஒரு பணக்காரர் அழகுக்காகத் தோட்டத்தில் விட்டதிலிருந்து கணக்கு. இன்று இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. சிவப்பு அணில் மூன்று லட்சம்கூட இல்லை, அதிலும் பெரும்பங்கு ஸ்காட்லாந்தில். சாம்பல் அணிலின் உடம்பில் நோவு காட்டாமல் குடியிருக்கும் ஒரு அம்மை வைரஸ், சிவப்பு அணிலைக் கொன்றுவிடும். சிவப்பு அணிலைக் காப்பாற்றச் சாம்பல் அணிலைக் கொல்கிறார்கள் என்று மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தினமும் அதற்குக் கடலை போடுகிறாள்.

இதே சங்கடத்தில் முள்ளெலியும் ஒரு தடவை மாட்டியது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே உயிஸ்ட் தீவுகள். 1974-ல் தெற்கு உயிஸ்டில், தோட்டத்து நத்தைகளைத் தின்னட்டும் என்று சில முள்ளெலிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். பேட்ஜர் இல்லாத, நரி இல்லாத தீவு. அவை ஆயிரக்கணக்கில் பெருகி, மணல்வெளியில் தரையில் முட்டையிடும் கரைப்பறவைகளின் கூடுகளைக் காலி செய்தன. 2003-ல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அவற்றைப் பிடித்துக் கொல்ல ஆரம்பித்தது. நாடே கொதித்தது. தொண்டர்கள் தீவுக்குப் போய், தீவுக்காரர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து முள்ளெலிகளை வாங்கிப் பெட்டிபெட்டியாக நிலப்பகுதிக்குக் கடத்தினார்கள். 2007-ல் கொல்வது நின்றது. பிடித்து நிலப்பகுதியில் விடுவது என்று முடிவானது.

இதோடு ஓர்க்னி வோலையும் சேர்த்துப் பார்க்கிறேன். பட்டியலில் முள்ளெலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தச் சின்ன எலியையும் மனிதர்கள்தான் ஏறக்குறைய 5000 ஆண்டுகளுக்கு முன் படகில் ஓர்க்னித் தீவுகளுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது அந்த மண்ணின் பிள்ளை, அதைக் காக்கப் பணம் செலவாகிறது. உயிஸ்ட் முள்ளெலி அத்துமீறி வந்தது. எனக்கு இரண்டுமே நியாயமாகத்தான் படுகின்றன. கரைப்பறவைகளுக்கு வேறு இடம் கிடையாது. அந்த முள்ளெலிகளும் தாமாகப் போய்க் கப்பலேறியவை அல்ல.

அம்மா ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பினார். அக்டோபர் கடைசியில் பகல் வெளிச்சத்தில் ஒரு குட்டி புல்லில் தள்ளாடிக்கொண்டிருந்தது. பகலில் வெளியே வந்தாலே அதற்கு ஏதோ கோளாறு. தடித்த கையுறை போட்டு எடுத்து, மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். 340 கிராம். குளிர்காலம் தாங்க 450 கிராமாவது வேண்டும். உறங்கும்போது கரைய கொழுப்பு இல்லாவிட்டால் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அட்டைப்பெட்டியில் துண்டு போட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து, முள்ளெலிகளைப் பார்க்கும் ஒரு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஒரு பெண்மணி தன் கொட்டகையில் நடத்துகிறார். அடுக்கடுக்காகக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் எடை எழுதிய சீட்டு. எங்கள் குட்டி அந்த வருஷத்தில் அவருக்கு வந்த 173-ஆவது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அம்மா முதலில் கேட்பது இதைத்தான். "ஏல, அந்தக் குட்டி எத்தன கிராமு?" 410 என்பேன், 520 என்பேன். ஜனவரியில் 640. இரண்டு ஞாயிறுக்கு முன் நிலையத்திலிருந்து செய்தி வந்தது: ராத்திரி வெப்பம் ஐந்து டிகிரிக்கு மேல் சில நாள் தொடர்ந்து நின்றால் வந்து எடுத்துப்போகலாம், எடுத்த இடத்திலேயே விடவேண்டும்.

இன்று மார்ச் 20. கொட்டகைக்குப் பின்னால் இலைக்குவியலை நான் தொடவில்லை. ஓட்டையில் ஒட்டடை பிடித்திருந்தது, மகள் துடைத்துவிட்டாள். பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு, வானிலை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். வியாழக்கிழமை வரை மூன்று டிகிரிதான் என்றேன்.